பாட்டிலில் தொடங்குங்கள்: சைக்கிளுக்கு பாட்டில் கேஜ் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சைக்கிள் வாங்கும்போது கியர், பிரேக், டயர் என்று ஒவ்வொன்றையும் துருவித் துருவி விசாரிப்பவர்கள்கூட, தண்ணீர் பாட்டிலை பிரேமில் தாங்கிப் பிடிக்கும் பாட்டில் கேஜ் என்று வந்தால் கடைக்காரர் கையில் கிடைத்ததை மாட்டட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். சில நூறு ரூபாய்ப் பொருள்தானே என்ற எண்ணம். ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் குடிப்பீர்களா, அடுத்த டீக்கடை வரை தாகத்தை அடக்கிக்கொண்டு மிதிப்பீர்களா என்பதை அந்தச் சிறு பொருள்தான் தீர்மானிக்கிறது. பாட்டில் சட்டென்று கைக்கு வந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு மிடறு தானாக உள்ளே போகும். இழுத்தால் வராமல் அடம்பிடித்தாலோ, திரும்ப வைப்பதற்குக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தாலோ, குடிப்பதையே தள்ளிப்போடுவோம். மே மாதக் கத்திரி வெயிலில் அப்படித் தள்ளிப்போடுவது தலைச்சுற்றலிலும் தசைப்பிடிப்பிலும் கொண்டுபோய் விடும். மிதமான வெயிலில் மிதிப்பவருக்கே மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர் தேவைப்படும். நம் ஊர்க் கோடையில் அதற்கு மேலும் போகும்.

பலர் கேஜைத் தேர்ந்தெடுக்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது. முதலில் எடையைப் பார்க்கிறார்கள், பிறகு நிறம், பிறகு விலை. பாட்டில் அதற்குள் நிற்குமா என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. நான் சொல்லும் வரிசை வேறு: பாட்டில், பிரேம், கை, சாலை. இந்த நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால் எடையும் விலையும் தாமாகவே ஒரு சிறு வட்டத்துக்குள் வந்துவிடும்.

படி 1: பாட்டிலை முடிவு செய்யுங்கள்

சைக்கிளுக்கென்றே செய்யப்பட்ட பாட்டில்களுக்கு ஒரு பொது அளவு உண்டு. விட்டம் 73 முதல் 74 மில்லிமீட்டர். உடலின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே இடுப்புபோல் ஒரு பள்ளம் சுற்றி ஓடும். கேஜின் மேல்பகுதியில் உள்ள சிறு நாக்கு அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். பாட்டில் மேலே எகிறாமல் தடுப்பது பெரும்பாலும் அந்த நாக்குதான். சந்தையில் கிடைக்கும் கேஜ்களில் ஏறத்தாழ எல்லாமே இந்த அளவையும் இந்தப் பள்ளத்தையும் கணக்கில் வைத்துச் செய்யப்பட்டவை.

உங்களிடம் இருக்கும் பாட்டில் அந்த அளவுதானா என்று பார்க்க வெர்னியர் கருவி எதுவும் வேண்டாம். பாட்டிலைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அந்த நூலை ஸ்கேலில் அளந்து பாருங்கள். சுற்றளவு 23 சென்டிமீட்டரை ஒட்டி இருந்தால் பொது அளவுப் பாட்டில். 25 சென்டிமீட்டர் வந்தால் விட்டம் 80 மில்லிமீட்டர் என்று பொருள். சாதாரண கேஜில் திணிக்கத்தான் முடியும், ஓட்டிக்கொண்டே எடுக்க முடியாது. 20 சென்டிமீட்டர்தான் என்றால் விட்டம் 64 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். பாட்டில் கேஜுக்குள் ஆடிக்கொண்டே வந்து முதல் வேகத்தடையில் கீழே விழும்.

கடையில் வாங்கும் குடிநீர் பாட்டிலை அப்படியே செருகிக்கொண்டு போக நினைப்பவர்கள் நிறையப் பேர். அரை லிட்டர் பாட்டில் பெரும்பாலும் கேஜைவிட ஒல்லியாக இருக்கும். ஒரு லிட்டர் பாட்டில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டிலுமே நாக்கு உட்காரச் சரியான இடத்தில் பள்ளம் இருக்காது. அதைவிடப் பெரிய குறை மூடி. திருகு மூடியைத் திறக்க இரண்டு கை வேண்டும். இரண்டு கையையும் விட்டுவிட்டு ஓட்டுவது நம் சாலைகளில் கூடவே கூடாது. பிதுக்கிக் குடிக்கும் மென்மையான சைக்கிள் பாட்டிலில் வாய்முனையைப் பல்லால் இழுத்துத் திறந்துவிடலாம், ஒரு கை போதும். அதனால் முதன்முதலாகக் கேஜ் வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை, கேஜுடன் ஒரு சைக்கிள் பாட்டிலையும் சேர்த்து வாங்கிவிடுவதுதான்.

அப்படியும் குடிநீர் பாட்டில்தான் வேண்டும் என்றால் அளவை மாற்றிக்கொள்ளும் கேஜ்கள் இருக்கின்றன. டோபீக் கம்பெனியின் மாடுலா வரிசையில் விட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒன்றும், ஒன்றரை லிட்டர் பாட்டில் பிடிக்கும் பெரிய கேஜ் ஒன்றும் உண்டு. மலைப்பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏ.டி.எம்.களில் நிரப்பிக்கொள்ள வேண்டும். எனவே திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய, வாய் அகன்ற பாட்டிலும் அதற்குப் பொருந்தும் கேஜும் அந்தப் பயணத்துக்கு அவசியம்.

எவர்சில்வர் பாட்டில் பிரியர்களுக்கு: தண்ணீர் சூடாகாமல் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரட்டைச் சுவர் பாட்டில் நிரம்பினால் ஒரு கிலோவைத் தொட்டுவிடும், வழவழப்பாக இருக்கும், பள்ளமும் இருக்காது. உலோகக் கேஜில் வைத்தால் வழியெல்லாம் கடகடவென்று சத்தம். பழைய டியூபிலிருந்து அகலமான ரப்பர் வளையம் ஒன்றை வெட்டி பாட்டிலின் நடுவில் மாட்டினால் பிடியும் கிடைக்கும், சத்தமும் அடங்கும். கேஜ் மட்டும் எஃகாகவோ, தடித்த அலுமினியமாகவோ இருக்கட்டும்.

படி 2: பிரேமில் என்ன இருக்கிறது?

இப்போது சைக்கிளின் பக்கம் வாருங்கள். கைப்பிடிக் கழுத்திலிருந்து பெடல் அச்சை நோக்கிச் சாயும் கீழ்க்குழாயிலும், சீட்டுக்குக் கீழே நிமிர்ந்து நிற்கும் சீட் குழாயிலும் இரண்டிரண்டு போல்ட்கள் தெரிகின்றனவா? அவைதான் கேஜ் மாட்டும் இடங்கள். இரண்டு துளைகளின் மையங்களுக்கிடையே 64 மில்லிமீட்டர் இருக்கும். போல்ட் 5 மில்லிமீட்டர் தடிமன், அதைத் திருகப் பெரும்பாலும் 4 மில்லிமீட்டர் ஆலன் கீ (எல் வடிவ அறுகோணச் சாவி) போதும். இந்த அளவுகள் உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான். எனவே எந்த நாட்டில் செய்த கேஜாக இருந்தாலும் துளைக்குப் பொருந்துமா என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சில பிரேம்களில் ஒரே வரிசையில் மூன்று துளைகள் இருக்கும். மேல் இரண்டிலோ கீழ் இரண்டிலோ கேஜை மாட்டி உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். மூன்றையும் பயன்படுத்தும் பெரிய சுமைக் கேஜ்களும் உண்டு, அவற்றைப் பிறகு பார்ப்போம்.

போல்ட்டைக் கழற்றி, கையாலேயே திருகிப் பாருங்கள். அலுமினிய பிரேம்களில் மரை உள்ள பகுதி தனி ரிவெட் நட்டாக குழாயில் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டைத் திருகும்போது அந்த நட்டும் சேர்ந்து சுற்றினால் எந்த நல்ல கேஜ் வாங்கியும் பயனில்லை. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ரிவெட் நட்டு இறுக்கும் கருவி வைத்திருக்கும் கடையில் சில நிமிட வேலை அது.

படி 3: முக்கோணத்துக்குள் எவ்வளவு இடம்?

மூன்று குழாய்களுக்கு நடுவே இருக்கும் முக்கோண இடைவெளி, கேஜைத் தேர்ந்தெடுப்பதில் பாட்டிலுக்கு அடுத்த பெரிய காரணி. உயரமானவர்களின் பெரிய பிரேமில் இந்தக் கேள்வியே எழாது. உயரம் குறைந்தவர்கள், குறிப்பாக எஸ், எக்ஸ்எஸ் அளவு பிரேம் ஓட்டும் பெண்கள், கடையில் மாட்டிக் கொடுத்த கேஜோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இந்த இடப்பற்றாக்குறைதான். அவர்களிடம் யாரும் இதைச் சொல்வதும் இல்லை. பாட்டிலை எடுக்கத் தெரியவில்லை என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள்.

சாதாரண கேஜில் பாட்டிலை அதன் நீளவாக்கில் மேல்நோக்கி இழுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அதற்குப் பாட்டிலின் தலைக்கு மேலே காலி இடம் இருக்க வேண்டும். அரை லிட்டர் சொச்சம் கொள்ளும் பாட்டில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம், முக்கால் லிட்டர் பாட்டில் ஏறத்தாழ 25. சிறிய பிரேமில் சீட் குழாய்ப் பாட்டிலின் தலை மேல் பாரை இடிக்கும், அல்லது இரண்டு பாட்டில்களும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். வாங்கும் முன்பே இதைச் சோதித்துவிடலாம். பாட்டிலைக் கையில் எடுத்து, அதன் அடி கீழ்த்துளையைவிடச் சற்றுத் தாழ இருக்குமாறு குழாயோடு ஒட்டிப் பிடியுங்கள். அப்படியே மேல்நோக்கி நகர்த்துங்கள். நாலு விரல் அகலம் நகர்த்துவதற்குள் பாரில் முட்டினால் சாதாரண கேஜ் உங்களுக்கு உதவாது.

அப்போது வேண்டியது பக்கவாட்டில் திறக்கும் கேஜ். பாட்டிலை மேலே இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்து உருவலாம். ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியின் ஸீ கேஜ் வலப்பக்கம் திறப்பது, இடப்பக்கம் திறப்பது என இரு வகைகளில் வருகிறது. இத்தாலியின் எலீட் கம்பெனி செய்யும் கேனிபல் கேஜில் இரண்டு பக்கமும் உருவ முடியும். எந்தக் கை என்று முடிவாகாதவர்களுக்கு அது வசதி. பிரேமுக்குள் பை மாட்டிப் பயணம் போகிறவர்களுக்கும், நடுவில் ஷாக் அப்சார்பர் உள்ள மலைச் சைக்கிள்காரர்களுக்கும் இந்த வகைதான் கைகொடுக்கும்.

இரண்டு பாட்டில்களும் மோதிக்கொண்டால் கீழ்க்குழாயில் பெரியதும் சீட் குழாயில் சிறியதும் வையுங்கள். அதுவும் போதவில்லையா? கேஜில் போல்ட் துளைகள் நீள்துளைகளாக இருந்தால் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே இறக்கி மாட்டலாம். இன்னும் கீழே இறக்க, துளைகள் வரிசையாகக் குத்திய உலோகப் பட்டை ஒன்றை பிரேமில் மாட்டி அதன்மேல் கேஜை வைக்கும் வழியும் இருக்கிறது.

ஜெர்மனியின் ஃபிட்லாக் கம்பெனி கேஜே இல்லாத ஒரு வழியைக் கண்டிருக்கிறது. பிரேமில் ஒரு தட்டு, பாட்டிலில் அதற்கு ஈடான தட்டு. அருகில் கொண்டுபோனால் காந்தம் இழுத்துப் பொருத்திக்கொள்ளும், லேசாகத் திருப்பினால் கழன்றுவரும். மிகச் சிறிய பிரேமுக்கு அருமையான தீர்வு. ஆனால் விலை அதிகம். வேறு சாதாரண பாட்டிலை அதில் அப்படியே வைக்கவும் முடியாது. வழியில் அந்தப் பாட்டில் தொலைந்தால் அன்றைய பயணம் முழுக்கச் சிரமம்தான்.

படி 4: எந்தக் கை?

வலக்கைப் பழக்கம் என்றால் வலக்கைதான் பாட்டிலுக்குப் போகும் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முன் பிரேக்கைப் பாருங்கள். உங்கள் சைக்கிளில் முன் பிரேக் எந்தக் கையில் இருக்கிறது? பாட்டிலுக்கு அந்தக் கை போகட்டும், பின் பிரேக் உள்ள கை கைப்பிடியிலேயே இருக்கட்டும். ஒற்றைக் கையில் ஓட்டும்போது திடீரென்று ஒரு நாய் குறுக்கே வந்தால் பதற்றத்தில் கையில் இருக்கும் பிரேக்கை முழுக்க அழுத்துவோம். அது முன் பிரேக்காக இருந்தால் குப்புற விழ வாய்ப்பு அதிகம். பக்கவாட்டில் திறக்கும் கேஜை வாங்கும்போது திறப்பு எந்தப் பக்கம் என்பதை இந்தக் கணக்கில் முடிவு செய்யுங்கள். பழகாத கைதான் போக வேண்டும் என்று வந்தால், போக்குவரத்து இல்லாத தெருவில் எடுத்து வைத்துப் பழகிக்கொண்ட பிறகு பெரிய சாலைக்குப் போகலாம்.

படி 5: எதனால் செய்தது?

நைலான் போன்ற பிளாஸ்டிக், பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்தது. எடை 30 முதல் 50 கிராம். துருப்பிடிக்காது, பாட்டிலில் கறை ஏற்றாது, சத்தம் போடாது, விலையும் குறைவு. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் கையால் அழுத்தினால் வளைந்து பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். மொரமொரப்பாக, கண்ணாடிபோல் பளபளக்கும் மலிவு பிளாஸ்டிக் வெயிலில் வெளிறி, போல்ட் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

அலுமினியக் கம்பியை வளைத்துச் செய்தது எல்லாச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். பிடி தளர்ந்தால் கையாலேயே உள்நோக்கி லேசாக வளைத்து இறுக்கிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெரிய பலம். ஆனால் அலுமினியம் திரும்பத் திரும்ப வளைவதைப் பொறுக்காது. வெல்டிங் செய்த இடத்தில் ஒருநாள் முறியும். பூச்சு இல்லாத அலுமினியம் பாட்டிலில் கருஞ்சாம்பல் கறையையும் ஏற்றிவிடும்.

துருப்பிடிக்காத எஃகுக் கேஜ் என் மனத்துக்கு நெருக்கமானது. எஃகுக்கு வில்லின் இயல்பு உண்டு. விரிந்து கொடுத்து மறுபடி கவ்விக்கொள்ளும். வளைந்தாலும் நிமிர்த்தலாம். ஜப்பானின் நிட்டோ, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் டுராங்கோவில் செய்யப்படும் கிங் கேஜ் போன்றவை பல்லாண்டுகள் உழைக்கும் என்று பெயர் பெற்றவை. கிங் கேஜின் எஃகு வகை ஏறத்தாழ 50 கிராம்தான், எஃகு என்றாலே கனம் என்ற எண்ணத்துக்கு அது நல்ல பதில். டைட்டேனியத்தில் அதே கேஜ் ஏறத்தாழ 30 கிராம், விலை பல மடங்கு.

கார்பன் கேஜின் எடை 20, 30 கிராம் அளவுக்குக் குறையும். நல்ல கம்பெனிக் கார்பன் கேஜ் பிடியிலும் சிறந்தது. மலிவுப் போலிகளைத்தான் தவிர்க்க வேண்டும். கார்பனை வளைத்துச் சரிசெய்ய முடியாது, உடைந்தால் முனை கத்திபோல் கையைக் கிழிக்கும்.

எடையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. பிளாஸ்டிக்குக்கும் கார்பனுக்கும் உள்ள வித்தியாசம் 20, 30 கிராம். அது 30 மில்லிலிட்டர் தண்ணீரின் எடை, ஒரு வாய்த் தண்ணீர். முக்கால் லிட்டரை ஏற்றிக்கொண்டு போகும் பொருளில் ஒரு வாய்த் தண்ணீர் எடையை மிச்சப்படுத்த ஆயிரக்கணக்கில் செலவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

படி 6: சாலைக்கு ஏற்ற பிடி

கேஜின் பிடி இரண்டு எதிரெதிர்த் தேவைகளுக்கு நடுவில் நிற்கிறது. இறுகப் பிடித்தால் பாட்டில் விழாது, ஆனால் எடுப்பது கடினம். தளர்வாக இருந்தால் எடுப்பது எளிது, குழியில் விழுந்தெழும்போது பாட்டில் எகிறிவிடும். எது வேண்டும் என்பதை நீங்கள் ஓட்டும் சாலைதான் சொல்ல வேண்டும்.

இதில் உலகத்தின் மிகக் கடுமையான சோதனைக்கூடம் பிரான்சின் பாரிஸ்–ரூபே பந்தயம். ஏறத்தாழ 260 கிலோமீட்டர் தூரத்தில் 50 கிலோமீட்டருக்கு மேல் பழைய கல் பாவிய பாதை. அந்தக் கற்களின் அதிர்ச்சியில் பாட்டில்கள் சிதறி வழியெங்கும் கிடக்கும். அதனால் பல அணிகளின் மெக்கானிக்குகள் அன்று மட்டும் உலோகக் கேஜ்களை மாட்டி உள்நோக்கி வளைத்து இறுக்குவார்கள், அல்லது கேஜின் உட்புறம் உப்புத்தாள்போல் சொரசொரப்பான பட்டையை ஒட்டுவார்கள். உலகின் விலை உயர்ந்த சைக்கிள்களில் செய்யப்படும் இந்த எளிய வேலையை நாமும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

கிழக்குக் கடற்கரைச் சாலைபோல் வழவழப்பான சாலையில் நீண்ட நேரம் ஓட்டுபவருக்கு எளிதில் எடுக்கக்கூடிய மிதமான பிடி போதும். ஊர்களுக்குள் வெள்ளைக்கோடுகூட இல்லாத வேகத்தடைகளைத் தினமும் ஏறி இறங்குபவருக்குப் பிடி இறுக்கமாக வேண்டும். மலைச்சாலை இரண்டையும்விட வேறு மாதிரி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது வேகமே இருக்காது, பாட்டில் எங்கும் போகாது. இறங்கும்போதுதான் ஆபத்து. இரண்டு கைகளும் பிரேக்கில் இருக்க, வளைவில் ஒரு குழியில் இறங்கிப் பாட்டில் எகிறினால் அது உங்கள் பின்சக்கரத்துக்கு அடியிலோ பின்னால் வருபவரின் முன்சக்கரத்துக்கு அடியிலோதான் போகும். மலை இறங்குபவர்கள் பிடியில் சமரசம் செய்துகொள்ளவே வேண்டாம்.

கடையில் பிடியைச் சோதிப்பது எளிது. பாட்டிலைத் தண்ணீர் நிரப்பி எடுத்துப் போங்கள், காலிப் பாட்டிலால் சோதிப்பது பயனற்றது. கேஜைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டிலைச் செருகி, தலைகீழாகத் திருப்பிப் பலமாக உதறுங்கள். நழுவினால் வேறொன்றைக் கேளுங்கள். பிறகு ஒரே கையால் எடுத்து, பார்க்காமலே திரும்ப வையுங்கள். நுழையும் வாய் சற்று விரிந்து, பாட்டிலைத் தானே வழிகாட்டி உள்ளே வாங்கிக்கொள்ளும் கேஜ்தான் நல்ல வடிவமைப்பு.

துளையே இல்லாத சைக்கிளா?

அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் செய்த ஹெர்குலிஸ் போன்ற கனமான பழைய வண்டிகள் இன்றும் நம் ஊர்களில் ஓடுகின்றன. அவற்றில் கேஜுக்குத் துளை இருக்காது. துளை போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். பிரேம் குழாய் மெல்லியது. துளையிட்ட இடத்திலிருந்து விரிசல் தொடங்கும், உள்ளே தண்ணீர் இறங்கித் துருவும் பிடிக்கும். கார்பன் பிரேமில் துளையிடுவதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

குழாயைச் சுற்றி இறுக்கும் கிளாம்ப்கள் தனியாகக் கிடைக்கின்றன. குழாயின் சுற்றளவை நூலால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய எஃகுச் சைக்கிளின் குழாய் ஒல்லி, புதிய அலுமினியச் சைக்கிளின் கீழ்க்குழாய் பருமன். ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு ஆகாது. கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் ரப்பர் ஒரு சுற்று வைத்தால் பெயின்ட்டும் கெடாது, நழுவவும் செய்யாது. பிரேக் கேபிளோ கியர் கேபிளோ கிளாம்புக்கு அடியில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிடியில் மாட்டுவது இன்னொரு வழி. 1930களில் டூர் டி பிரான்ஸ் வீரர்களே கைப்பிடிக்கு முன்னால்தான் பாட்டில்களை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். கைக்கு மிக அருகில் இருக்கும். ஆனால் முக்கால் லிட்டர் எடை கைப்பிடியில் ஏறினால் திருப்புவது கனக்கும். அங்கே அரை லிட்டரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கம்பி பிரேக் உள்ள வண்டிகளில் கிளாம்ப் அந்தக் கம்பியின் அசைவைத் தடுக்கக் கூடாது.

இரண்டு பாட்டில் போதாதபோது

பெரும்பாலான பயணங்களுக்கு இரண்டு முக்கால் லிட்டர் பாட்டில்கள் போதும். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டிய, பிரெவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில்கூட இடையிடையே கட்டுப்பாட்டு நிலையங்களும் கடைகளும் வரும், அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கடையே இல்லாத காட்டுவழி, வெயில் ஏறிய நெடுந்தூரம் என்றால்தான் மூன்றாவது பாட்டிலை யோசிக்க வேண்டும்.

கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தில் துளை இருந்தால் அங்கே வைக்கலாம். ஆனால் முன்சக்கரம் வாரி இறைக்கும் சேறும் சாணியும் நேராக அந்தப் பாட்டிலின் வாயில்தான் படியும். வாய்மூடி உள்ள பாட்டிலை மட்டும் அங்கே வையுங்கள், அல்லது சமையலுக்கான தண்ணீரையோ கருவிப் பெட்டியையோ வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் பிடியும் மிக இறுக்கமாக இருக்க வேண்டும், முடிந்தால் மேலே ஒரு வார்ப்பட்டை போட்டுக் கட்டுங்கள். முன் ஃபோர்க்கின் இருபக்கமும் மூன்று துளைகள் உள்ள பயணச் சைக்கிள்களில் பெரிய சுமைக் கேஜ்களை மாட்டலாம். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும். ஃபோர்க் தாங்கும் எடையைச் சைக்கிள் கம்பெனி குறிப்பிட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

பந்தயத்தில் இறங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதிப்படி சாலைப் பந்தயத்தில் பாட்டில்கள் கீழ்க்குழாயிலும் சீட் குழாயிலும் பிரேமின் உட்புறத்தில்தான் இருக்க வேண்டும். கொள்ளளவு 400 முதல் 800 மில்லிலிட்டர்.

படி 7: பொருத்துதல்

கடையில் மாட்டிக் கொடுத்தாலும் ஒருமுறை நீங்களே கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒரு ஆலன் கீயும் சிறிது கிரீஸும் போதும்.

பழைய போல்ட்களைக் கழற்றி, துளையில் மண் இருந்தால் துணியால் துடையுங்கள். போல்ட்டின் மரையில் சிறிது கிரீஸ் தடவுங்கள். இதைத் தவறவிடாதீர்கள். வியர்வை சொட்டும் இடம் இது. கடலோர ஊர்களில் உப்புக்காற்றும் சேரும். எஃகுப் போல்ட்டும் அலுமினிய நட்டும் உப்புநீரில் நனைந்தால் இரண்டும் அரித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு கழற்றும்போது ரிவெட் நட்டோடு சேர்ந்து சுற்றும்.

கேஜை வைத்து, இரண்டு போல்ட்களையும் விரலாலேயே திருகித் தொடங்குங்கள். நாலைந்து சுற்று தடையில்லாமல் போக வேண்டும். தொடக்கத்திலேயே இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது. பின்னுக்குச் சுற்றி எடுத்து மறுபடி தொடங்குங்கள். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதைத் தொடாதீர்கள், மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கலாம் என்பது பிரேமிலோ கேஜிலோ அச்சிடப்பட்டிருந்தால் அதுவே இறுதி. கார்பன் சம்பந்தப்பட்ட இடங்களில் பெரும்பாலும் 2 முதல் 3 நியூட்டன் மீட்டர்தான் இருக்கும். அளவுக் கருவி இல்லையென்றால் ஆலன் கீயின் நீளமான கையை போல்ட்டில் செருகி, குட்டையான கையை இரண்டு விரலால் திருப்புங்கள். அப்படிச் செய்தால் தேவைக்கு மேல் பலம் கொடுக்கவே முடியாது.

போல்ட்டின் நீளத்தைக் கவனிப்பவர்கள் குறைவு. கேஜோடு வரும் போல்ட் பொதுவாக 12 முதல் 16 மில்லிமீட்டர் நீளம். வீட்டில் கிடந்த நீளமான போல்ட்டை சீட் குழாயில் மாட்டினால் அது உள்ளே நீண்டு, சீட் கம்பியைக் கீறும். சீட்டை இறக்கவே முடியாமல் தடுக்கும். மாட்டிய பிறகு சீட்டை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்துவிடுங்கள்.

சீட் குழாயின் கீழ்த்துளைக்கு அருகே முன் கியர் மாற்றியின் பட்டை இருந்தால் கேஜ் அதன்மேல் ஏறிக்கொண்டு கோணலாக உட்காரும். கேஜுக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு போல்ட்டிலும் ஒரே தடிமனில் வாஷர்கள் வைத்து உயர்த்துங்கள், அந்த அளவுக்கு நீளமான போல்ட் போடுங்கள். காற்றுப் பம்பின் தாங்கியைக் கேஜுக்கு அடியில் வைக்கும்போதும் இதே கணக்குதான்.

படி 8: ஓட்டிச் சோதியுங்கள்

தண்ணீர் நிரம்பிய பாட்டிலோடு வீட்டருகே உள்ள மிக மோசமான தெருவுக்குப் போங்கள். வேகத்தடையில் மெதுவாக ஒருமுறை, வழக்கமான வேகத்தில் ஒருமுறை ஏறி இறங்குங்கள். முன்சக்கரத்தைச் சற்றுத் தூக்கித் தரையில் போட்டுப் பாருங்கள். பாட்டில் மேலே ஏறியிருந்தால் நாக்கு பள்ளத்தில் உட்காரவில்லை. பாட்டிலைத் திருப்பி வைத்தோ, கேஜை வளைத்தோ, ரப்பர் வளையம் சேர்த்தோ சரிசெய்யுங்கள். மிதிக்கும்போது முழங்காலோ தொடையோ பாட்டிலில் உரசுகிறதா என்றும் பாருங்கள். பக்கவாட்டில் திறக்கும் சில கேஜ்கள் அகலமாக இருக்கும்.

பராமரிப்பு

எலுமிச்சைச் சாறு, உப்புச் சர்க்கரைக் கரைசல் எல்லாம் வழிந்து கேஜில் பிசுபிசுவென்று ஒட்டும், அதில் தூசி படிந்து பாட்டிலைத் தேய்க்கும். சைக்கிளைக் கழுவும்போது கேஜையும் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். மாதத்துக்கு ஒருமுறை போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று ஆலன் கீ வைத்துப் பாருங்கள். கேஜில் புதிதாகக் கடகடவென்ற சத்தம் கேட்டால் பெரும்பாலும் தளர்ந்த போல்ட்தான் காரணம்.

போல்ட் துளைகளைச் சுற்றியும் வெல்டிங் இடங்களிலும் நாக்கின் வேரிலும் நகத்தால் வருடிப் பாருங்கள். மயிரிழை விரிசல் தென்பட்டால் பசையால் ஒட்ட முயலாமல் கேஜையே மாற்றிவிடுங்கள். போல்ட் நன்றாக இருந்தால் அவற்றைத் துடைத்து எண்ணெய் போட்டுக் கருவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். நெடும்பயணத்தில் கேரியர் போல்ட்டோ மட்கார்டு போல்ட்டோ கழன்று விழுந்தால், பெரும்பாலும் அதே 5 மில்லிமீட்டர் மரைதான், அங்கே பொருந்தும்.